பாட்டி சொன்ன வலி

அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் என் அண்ணன் மகள், லீவு போட்டுட்டு குவாத்தமாலா மலைக்குப் போனாள். மாயன் மக்கள் இருக்கிற ஒரு கிராமத்து கிளினிக்கில் மூணு வாரம், சம்பளமில்லாத வேலை. திரும்பி வந்து போனில் சொன்னாள்.

அந்த நாட்டில் மட்டும் 20-க்கும் மேலே மாயன் பாஷைகள். அந்த ஊர்ப் பேச்சு கக்சிகேல். வயித்துவலின்னு வர்ற பாட்டி அதில்தான் சொல்லும். உள்ளூர்ப் பெண் ஒருத்தி அதை ஸ்பானிஷில் சொல்ல, இன்னொருத்தர் இங்கிலீஷில் சொல்வார். “பாட்டி அஞ்சு நிமிஷம் பேசுச்சு சித்தப்பா. எனக்கு வந்து சேர்ந்தது ‘வலிக்குது’ங்கிற ஒரே வார்த்தை.”

பாதி நாள் குழந்தைகளுக்கு உயரம் அளக்கிற வேலையாம். அந்த நாட்டில் அஞ்சு வயசுக்குள்ளே இருக்கிற பிள்ளைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வயசுக்கேத்த வளர்த்தி இல்லை. எனக்கு மனசு ஆறலை. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூணையும் ஒரே நிலத்தில் விளைவிக்கிற சனம் (ஊடுபயிரில் நம்மளை விட மூத்தவங்க). அவங்க பிள்ளைக்கா சாப்பாடு பத்தலை?

“நிலம் சரிவுல ஒரு துண்டுதான். மத்த நாளெல்லாம் காப்பித் தோட்டத்துக் கூலி,” என்றாள்.

சத்து மாத்திரை கொடுத்துடலாம். நிலத்தை எந்த கிளினிக் கொடுக்கும்?

ஒருத்தர் முயற்சி பண்ணியிருக்கார். பெர்ஹார்ஸ்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1962-ல் சிமால்தெனாங்கோவில் கிளினிக் தொடங்கி, உள்ளூர் மாயன் ஆட்களையே வைத்தியத்துக்குப் பழக்கினார். நிலம் வாங்கக் கடனுக்கும் வழி செய்தார்.

மறுபடி போகணும்னு இவள் இப்போ ஸ்பானிஷ் படிக்கிறாள். “அந்தப் பாட்டி பேச்சைப் படி கண்ணு,” என்றேன்.

“அதுக்கு மூணு வாரம் பத்தாதே சித்தப்பா,” என்றாள்.