தம்பி வீட்டுக் கொல்லையில் ஒரு கடற்போர்

ஹூஸ்டன் நகருக்கு வெளியே இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே, கொல்லைப்புறக் கதவைத் திறந்து, "அக்கா, இதுதான் நம்ம கடல்" என்று காட்டினான். 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலத்தில் ஒரு குளம். தாமரை இல்லை, வண்ண மீன் இல்லை, ஓரத்தில் அழகுக்குக்கூட ஒரு கல் இல்லை.

எனக்கு உடனே ஏடிஸ் கொசு ஞாபகம் வந்தது. பினாங்கில் பூச்சட்டித் தட்டில் தண்ணீர் நின்றாலே அபராத நோட்டீஸ் வரும். இங்கே ஒரு குளமே நிற்கிறது! "புழு தின்னும் மீன் விட்டிருக்கேன், பம்பும் ஓடுது" என்று சமாதானம் சொன்னான்.

இது போர்க்கப்பல் சண்டைக்காக வெட்டிய குளம். 1970களின் கடைசியில் இதே டெக்சஸில் தொடங்கிய பொழுதுபோக்கு. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஓடிய நிஜப் போர்க்கப்பலை 144இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்கிறார்கள். எலும்புக்கூடு போன்ற சட்டத்தின் மேல் மெல்லிய பால்சா பலகைதான் தோல். உள்ளே கரியமில வாயு அடைத்த சிறு உருளை. அதன் அழுத்தத்தில் மிளகு அளவு எஃகுக் குண்டுகள் பறக்கும். பலகையில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் ஏறும். உள்ளிருக்கும் குட்டிப் பம்பு இறைக்கும். இறைத்து முடியாவிட்டால் கப்பல் நிஜமாகவே மூழ்கிவிடும். தூக்கி எடுத்து, காயவைத்து, ஒட்டுப்போட்டால் அடுத்த வாரம் மறுபடியும் சண்டை.

ஆசைப்பட்டு யாரும் நம் ஊரில் முயல வேண்டாம். காற்றழுத்தத் துப்பாக்கியையும் சட்டம் இங்கே ஆயுதமாகத்தான் பார்க்கிறது.

குளம் வெட்டிய கதையைத் தம்பி இரண்டு இரவு சொன்னான். மண்ணில் கைவைக்குமுன் 811 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டுமாம். எரிவாயுக் குழாய், மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று வந்து குறித்துவிட்டுப் போவார்கள். ஆழம் 60 சென்டிமீட்டர் போதும் என்று முடிவு செய்தான். மூழ்கிய கப்பலைத் தேடி ஆள் இறங்க வேண்டுமே! அதற்கே கிட்டத்தட்ட 57,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அடியில் விரிக்கும் ரப்பர் விரிப்பைக் குளத்தின் நீளத்துக்கு வாங்கினால் போதாது. இரு பக்க ஆழத்தையும் கரையில் மடிக்கும் அளவையும் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் சரியாகக் கணக்குப் போட்டவன், விரிப்பின் கீழ் மெத்தைத் துணி போடாமல் விட்டுவிட்டான். ஒரு வேர் குத்திக் கிழித்தது. காலையில் பார்த்தால் கால்வாசித் தண்ணீரைக் காணோம். எல்லாவற்றையும் இறைத்து, விரிப்பைச் சுருட்டி, துணி போட்டு, மறுபடியும் முதலிலிருந்து.

அந்த ஊர்க் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். கரை ஒரு பக்கம் இறங்கினால் குளம் அந்தப் பக்கமே வழியும். வருடத்துக்கு ஒருமுறை மட்டப்பலகை வைத்துக் கரையைச் சரிசெய்கிறான். குளத்தைச் சுற்றி ஆள் உயர வேலி, பூட்டிய கதவு. குழந்தை இருக்கும் வீட்டில் அதில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை.

சனிக்கிழமை நண்பர்கள் நால்வர் கப்பல்களோடு வந்தார்கள். பார்க்க நின்ற எனக்கும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். ஒருவர் கொண்டுவந்தது 'டெக்சஸ்' போர்க்கப்பல். ஒரு மீட்டர் 20 சென்டிமீட்டர் இருக்கும். 1914இல் படையில் சேர்ந்த அசல் கப்பல், அருங்காட்சியகமாக நின்ற காலத்தில் ஒழுகி ஒழுகிப் பம்பின் தயவில்தான் மிதந்ததாம். 2022 ஆகஸ்டில் கால்வெஸ்டனுக்கு இழுத்துப் போய்ப் பழுதுபார்த்தார்கள். விளையாட்டுக் கப்பலுக்கும் அசலுக்கும் ஒரே வியாதி!

என் மருமகனுக்கு 11 வயது. அவன் கையில் 82 சென்டிமீட்டர் 'எம்டன்'. எங்கள் அப்பா தம்பியைக் கூப்பிட்ட பெயரே அதுதான். "அவன் எம்டன், ஏமாத்திட்டுப் போயிடுவான்" என்பார். தாத்தா வைத்த பட்டப்பெயர் என்பதால்தான் பையன் அந்தக் கப்பலைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். சென்னையில் குண்டு போட்ட கப்பல் என்று தம்பி சொல்லி வைத்திருந்தான். பினாங்குக்கு வந்ததைச் சொல்லவில்லை.

எம்டன் குட்டிக் கப்பல், ஆனால் நல்ல வேகம். டெக்சஸின் பின்பக்கமாக நுழைந்து நாலு ஓட்டை போட்டுவிட்டு ஓடியது. பையன் குதித்தான். நானும்தான் கத்தினேன், மறைப்பானேன்! இரண்டாவது முறை திரும்பும்போது பக்கவாட்டில் 'டக் டக்' என்று சத்தம். ஒரு பக்கம் சாய்ந்து, மூக்கு கவிழ்ந்து, அரை நிமிடத்தில் காணோம்.

இடுப்பு வரை நனைந்து கப்பலைத் தூக்கிவந்தவன் என்னிடம் கேட்டான்: "அத்தை, நிஜ எம்டன் எப்படி மூழ்கியது?"

கொக்கோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் அடித்தது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குச் சில நாள் முன்பு, 1914 அக்டோபர் 28 விடியலில், பொய்யாக நாலாவது புகைபோக்கி வைத்துக்கொண்டு எங்கள் பினாங்குத் துறைமுகத்துக்குள் அது நுழைந்ததையும், நங்கூரமிட்டு நின்ற 'செம்சுக்' என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்ததையும் சொன்னேன். எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். வெஸ்டர்ன் சாலைக் கல்லறையில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. சின்ன வயதில் அந்த வழியாகத்தான் நானும் அவன் அப்பாவும் போவோம்.

"அவங்க தூங்கிட்டு இருந்தாங்களா?"

"நிறைய பேர் தூங்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க, விடியக்காலையில்லையா."

அவன் ஒன்றும் பேசவில்லை. "சின்னப் பையன்கிட்ட இதெல்லாம் எதுக்குக்கா?" என்று தம்பி முணுமுணுத்தான். மீதிச் சண்டையில் பையன் சேரவில்லை. இரவுச் சாப்பாட்டிலும் தம்பி முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊருக்கு வந்த இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று எனக்கும் உறுத்தியது.

மறுநாள் காலை கொட்டகையில் பேச்சுக் குரல். எட்டிப் பார்த்தேன். எம்டன் மேசைமேல் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பையன் ஒரு தாளில் மூன்று புகைபோக்கி வைத்த கப்பல் வரைந்திருந்தான். செம்சுக். முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும் என்று தம்பி கணக்குப் போட்டிருந்தான்.

"இதுல பம்பு கொஞ்சம் பெரிசா வைக்கலாமாப்பா?" என்று பையன் கேட்டான்.

"விதி எல்லாக் கப்பலுக்கும் ஒண்ணுதாண்டா" என்றான் தம்பி. பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, ஊருக்குப் போனதும் அந்தக் கல்லைப் போட்டோ எடுத்து அனுப்பு. பேரு எப்படி எழுதியிருக்குன்னு பார்க்கணும்" என்றான்.