ஏழு டெக், ஒரு கணினி

கோடம்பாக்கத்தில் ஒரு மாடி அறை. சுவரோரம் இரும்பு ரேக்கில் ஏழு டெக்குகள்: வி.எச்.எஸ். நான்கு, எஸ்-வி.எச்.எஸ். ஒன்று, சிறிய டிஜிட்டல் கேசட்டுக்கு ஒன்று, பீட்டாகேம் ஒன்று. அத்தனையின் வயரும் கடைசியில் போய்ச் சேருவது ஒரே கணினியில். பழைய கல்யாண கேசட்டுகளை இங்கே கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றித் தருகிறார்கள்.

வேகத்துக்காகவா இத்தனை டெக் என்று கேட்டேன். "இதுல வேகம் ஏது சார்? மூணு மணி நேரக் கேசட்டுன்னா மூணு மணி நேரம் ஓடித்தான் ஆகணும்," என்றார் கடைக்காரர். சொல்லிக்கொண்டே 1991-ஆம் வருடத்துக் கல்யாணம் ஒன்றை முதல் டெக்கில் போட்டார். திரையின் கீழ்ப்பாதி முழுக்கப் புள்ளி மழை. டிராக்கிங்கைத் திருப்பிப் பார்த்தார், நிற்கவில்லை. மூன்றாவது டெக்குக்கு மாற்றினார். கூறைப் புடவையின் ஜரிகை தெரிந்தது. அன்று படமெடுத்த கேமராவின் ஹெட் இம்மியளவு கோணியிருந்தாலும் அந்தக் கோணலோடுதான் நாடாவில் தடம் விழும். அதற்கு ஒத்துப்போகிற டெக்கைத் தேடிப் பிடிக்க வேண்டும். எந்தக் கேசட் எதில் ஓடும் என்பதைப் பத்து விநாடிப் படத்தில் கண்டுகொள்கிறார். அந்தக் கண்ணுக்குத்தான் இங்கே கூலி என்று எனக்குப் பட்டது.

வயர் போகும் வழிக்கும் காரணம் உண்டு. வி.எச்.எஸ். டெக்கின் ஹெட் உருளை நொடிக்கு 25 முறை சுற்றுகிறது. பழைய நாடா இழுபட்டும் சுருங்கியும் இருப்பதால் படத்தின் வரிகள் சீராக வராது. பழைய டிவி அதைப் பொறுத்துக்கொள்ளும். கணினி பொறுக்காமல் பிரேம்களை நழுவவிடும், பேச்சு உதட்டசைவை விட்டு விலகும். ஆகவே டெக்குகளிலிருந்து செலக்டர் பெட்டி, அங்கிருந்து டைம் பேஸ் கரெக்டர். அது வரிகளை வாங்கி வைத்து, நேரம் தவறாமல் வெளியே விடும். அதன்பிறகே கன்வெர்ட்டரும் கணினியும். டிஜிட்டல் கேசட்டுக்கு இந்தச் சுற்றுவழி ஆகாது. ஃபயர்வயரில் நேரே எடுத்தால் பதிவு அப்படியே வரும், மணிக்குச் சுமார் 13 ஜி.பி. பீட்டாகேமை ஒன்பது முள் வயர் வழியாகக் கணினியே ஓட்டும், நிறுத்தும். வி.எச்.எஸ். என்றால் பட்டனை அமுக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஒரே எர்த். வெவ்வேறு பிளக்கில் செருகிய காலத்தில் நாதஸ்வரத்துக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஏறியதாம்.

உதவிக்கு இருக்கும் பெண், வரும் கேசட்டையெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நாடாவின் விளிம்பைப் பார்க்கிறார். கடற்காற்றுள்ள ஊரில் பூஞ்சை சகஜம். அதைத் தெரியாமல் ஓட்டினால் உருளையில் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கும் பரவும். அத்தகைய கேசட்டுகளைத் துடைத்த பிறகும் நான்காவது டெக்கில் மட்டுமே போடுகிறார்கள். ஓடி முடிந்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த மான்தோலால் உருளையைத் துடைக்கிறார்கள்.

"அந்த மூணாவது டெக் போயிட்டா என்னண்ணா செய்வோம்?" என்று அந்தப் பெண் கேட்டார். கேள்வி நியாயமானது. கடைசியாக வி.சி.ஆர். செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இப்போது ஒரு டெக்கைப் பிழைக்க வைக்க இன்னொரு டெக்கின் ரப்பர் உருளையும் பெல்ட்டும்தான் வேண்டும். ஆகவே கேசட் கொண்டுவரும் ஒவ்வொருவரிடமும் கடைக்காரர் கேட்டுவிடுகிறார்: வீட்டில் பழைய டெக் கிடந்தால் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள், ஓடாவிட்டாலும் காசு கொடுத்து எடுத்துக்கொள்கிறேன்.