சூரியன் கடலில் உதிக்கும் ஊர்

விடுமுறை என்னும் சொல்லுக்கு நம் போன்ற குடும்பங்களில் நெடுங்காலமாக ஒரே பொருள்தான் வழங்கி வந்திருக்கிறது: ஊருக்குப் போதல். பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்து குடியேறிய தமிழர்கள் ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்த விடுப்பும் பணமும், தாத்தா பாட்டி வீட்டு வாசலில் போய்த்தான் இறங்கும். அதற்குத் திட்டமிட வேண்டிய தேவையே இல்லை. திருமணம், காதுகுத்து, குலதெய்வ வழிபாடு, வரப்புத் தகராறு என்று திட்டங்கள் நமக்கு முன்பே அங்கே காத்திருக்கும். உற்றார் ஒருவருமில்லாத நகருக்குக் கடலைப் பார்ப்பது என்ற ஒரே காரணத்துக்காகப் போவது, நம் தந்தையர் தலைமுறைக்கு ஊதாரித்தனமாகவே தோன்றியிருக்கும்.

எங்கள் குடும்பத்துக்கு அப்படியொரு பயணம் வாய்த்ததற்குக் காரணம், போவதற்கு ஊர் இல்லாமற்போனதுதான். தரங்கம்பாடிக்குத் தெற்கே கடலோரச் சிற்றூர் ஒன்றில் இருந்த எங்கள் பூர்விக வீடு மூன்றாண்டுகளுக்கு முன் கைமாறியது. பங்காளிகள் ஐவர், ஐவரும் ஐந்து திசைகளில். விளக்கேற்ற ஆளில்லாத வீட்டை யாருக்காகக் காப்பது? விற்றதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆயினும், அடுத்த விடுமுறை நெருங்கியபோது பிலாய் உருக்காலைக் குடியிருப்பில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு வெறுமை புகுந்து உட்கார்ந்துகொண்டது.

பிள்ளைகள் இருவரும் கோவா என்றார்கள். எழுபத்தெட்டு வயதான என் தாயார் அதுவரை வாய் திறக்கவில்லை. பின்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அங்கே சூரியன் கடல்லேருந்து வருமா, கடலுக்குள்ளே போகுமா?"

மேற்குக் கரையாதலால் கடலுக்குள் இறங்கும் என்றேன்.

"அஸ்தமனம் பார்க்க அவ்வளவு தூரம் எதுக்குப்பா? அது இங்கேயே மொட்டை மாடியிலே தெரியுதே."

அத்துடன் கோவா போயிற்று. கீழைக்கரை தேட வேண்டியதாயிற்று. விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

வரைபடத்தை விரித்து வைத்துப் பார்க்கப் பார்க்க, இந்நகர் நமக்கு அந்நியமானதன்று என்பது புலப்பட்டது. நாம் குடியிருக்கும் உள்நாட்டுக்கு அது வாசல். ராய்ப்பூரையும் விஜயநகரத்தையும் இணைக்கும் இருப்புப்பாதை 1931-இல் முழுமையடைந்தது. விசாகப்பட்டினத் துறைமுகம் 1933-இல் திறக்கப்பட்டது. இரண்டையும் அமைத்தது வங்காள நாகபுரி ரயில்வே. மத்திய மாகாணத்தின் கனிமங்கள் கடல் சேர வேண்டும் என்பதே நோக்கம். பிற்காலத்தில் பைலடிலாவின் இரும்புத் தாதும், கிரந்துல் பாதை வழியாக மலைகளைக் குடைந்துகொண்டு அதே துறைமுகத்தை அடைந்தது. நம் மண் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும் வழியில் நாமும் ஒருமுறை போவதில் வியப்பென்ன?

அதற்கும் முந்தைய உறவு ஒன்று உண்டு. முதற் குலோத்துங்கன் காலத்தில் இவ்வூர் குலோத்துங்கசோழப்பட்டினம் என்றும் வழங்கிற்று. அருகிலுள்ள சிம்மாசலம் கோயிலிலும் அவன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. சந்தனக் காப்புக்குள் ஆண்டெல்லாம் மறைந்திருந்து, அட்சய திருதியை நாளில் மட்டும் தம் உருவைக் காட்டும் நரசிம்மர் அங்கே கோயில் கொண்டிருக்கிறார். அம்மாவின் பட்டியலில் இக்கோயில் உடனே ஏறிக்கொண்டது.

எப்போது போவது என்பது அடுத்த கேள்வி. தசரா விடுமுறைதான் வசதி. ஆனால் அக்டோபரும் நவம்பரும் வங்கக் கடலில் புயல் மாதங்கள். 2014 அக்டோபர் 12 அன்று ஹுத்ஹுத் புயல் இந்நகரின் மேலேயே கரை கடந்ததை மறந்துவிட முடியாது. சித்திரை, வைகாசியிலோ வெயிலைவிடப் புழுக்கம் பொல்லாதது. ஆகவே டிசம்பர் இறுதி வாரம் என்று முடிவாயிற்று. புத்தாண்டுக் கூட்டம் திரண்டு விடுதி வாடகை ஏறுமுன் திரும்பிவிடுவது என்றும் தீர்மானித்தோம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. அந்த நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்தாள் மகள். துர்க்கிலிருந்து வந்தே பாரத் ரயில் சுமார் எட்டு மணி நேரத்தில் போய்விடும். இரவுப் பயணத்தில் மேல்படுக்கை, கீழ்ப்படுக்கை என்று மன்றாட வேண்டியதில்லை; முழங்கால் வலியுள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

என் மகன் எழுதி வந்த முதல் திட்டத்தில் ஐந்து நாட்களுக்குப் பதினெட்டு இடங்கள் இருந்தன. கைலாசகிரி, ருஷிகொண்டா, அரக்குப் பள்ளத்தாக்கு, பொர்ரா குகைகள், பீமுனிப்பட்டினம் என்று மூச்சு விடாமல் படித்தான். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதிலே கடலைப் பார்க்கிறது எப்போடா?" என்றார். பட்டியல் பாதியாயிற்று. ஒரு முழு நாளைத் தின்றுவிடும் அரக்கு மறுமுறைக்கு ஒத்திவைக்கப்பட்டது. இராமகிருஷ்ணா கடற்கரையில் கரையேற்றி வைத்திருக்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் தங்கியது. 1969 முதல் 2001 வரை கடற்படையில் பணியாற்றி, 2002-இல் அருங்காட்சியகமான கப்பல் அது. திங்கட்கிழமை விடுமுறை என்பதால் அதற்கேற்ப நாள் குறித்தோம். அதன் குறுகிய வழிகளில் பிள்ளைகள் நுழைந்து வரும்வரை பாட்டி வெளியே கடலைப் பார்த்து அமர்ந்திருப்பார். பீமுனிப்பட்டினமும் தங்கியது, அங்குச் செல்லும் சாலை நெடுகிலும் கடல் கூடவே வருவதால், நடக்க இயலாதவரும் வண்டியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டு போகலாம்.

விடுதியைத் தேர்ந்ததும் அம்மாவின் கணக்குப்படிதான். நீச்சல் குளம் உண்டா என்று நாங்கள் பார்த்தோம். கிழக்கே சன்னல் உண்டா, மின்தூக்கி உண்டா, கடற்கரைக்குப் போகச் சாலையைக் கடக்க வேண்டுமா என்று அவர் கேட்டார். கடைசியில் அவர் கேட்ட மூன்றும்தான் உதவின.

இனி நான் சொல்ல வந்த செய்தி. உள்நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல் என்பது பெரிய நீச்சல் குளம். கீழைக்கரையின் கடல் அத்தகையதன்று. இராமகிருஷ்ணா கடற்கரையில் குளிக்க இறங்கி உயிரிழந்தவர்கள் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. அதனால் கால் நனைப்பது அங்கே, குளிப்பது 2020-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற ருஷிகொண்டாவில், அதுவும் உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் மட்டும் என்று விதித்தேன். பிள்ளைகள் முகம் சுருங்கிற்று. அப்போது அம்மா தம் பங்குக்குப் பாடம் தொடங்கினார்.

"கடலுக்கு முதுகு காட்டி நிக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் அலை உடைஞ்சு, நடுவிலே மட்டும் தண்ணி சும்மா கிடந்தா, அதுதான் நல்ல இடம்னு இறங்காதே. இழுக்கிற இடமே அதுதான். இழுத்துட்டா எதிர்த்து நீந்தாதே, கரைக்குப் பக்கவாட்டிலே போ."

நீரோட்டங்களைப் பற்றி இன்று நூல்களில் எழுதியிருப்பதும் இதுவே. ஆனால் அம்மா அதை எந்த நூலிலும் படித்தவரல்லர். ஐம்பது ஆண்டுகளாகக் கடலில்லாத ஊரில் வாழ்ந்தும் அந்த அறிவை அவர் இழக்கவில்லை. கேட்பார் இல்லாததால் சொல்லவில்லை. வீடு விற்றபோது பங்காளிகள் பங்கிட்டுக்கொண்ட பொருள்களில் இது இல்லை. இதை அவர் பேரப்பிள்ளைகளுக்கென்றே வைத்திருந்தார் போலும். மறுநாள் என் மகன் தன் திட்டத் தாளின் தலைப்பில் அந்த மூன்று விதிகளையும் எழுதி வைத்திருந்தான்.

ஊரில் வீடும் உறவும் குறைந்துவரும் குடும்பங்கள் நம் சங்கத்தில் இன்று பல. விடுமுறைக்கு எங்கே போவது என்னும் கேள்வி அவர்களுக்கு எளிதானதன்று என்பதை அறிவேன். அவர்களுக்கு நான் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. இடத்தையும் நாளையும் பிள்ளைகள் தேடட்டும். ஆனால் திட்டத் தாளை முடிக்குமுன் வீட்டில் உள்ள முதியவரிடம் ஒருமுறை காட்டுங்கள். நாம் எழுத மறந்தது எது என்பது அவருக்குத் தெரியும். எங்கள் திட்டத்தில் ஒவ்வொரு நாளும் விடியற்காலை ஐந்தரை முதல் ஏழு மணி வரை எதுவும் எழுதாமல் விடப்பட்டிருக்கிறது. அந்த நேரம் அம்மாவுக்கும் கிழக்கு வானுக்கும் உரியது.