கிட்டாரைக் கீழே வைத்த ரேடியோஹெட்

இங்கிலாந்தின் அபிங்டன் பள்ளியில் படித்த ஐந்து மாணவர்கள் 1985இல் தொடங்கிய ராக் இசைக்குழு ரேடியோஹெட். வெள்ளிக்கிழமைகளில் ஒத்திகை நடந்ததால் அதன் முதல் பெயர் 'ஆன் எ ஃப்ரைடே'. 1991இல் இஎம்ஐ நிறுவன ஒப்பந்தம் கிடைத்தபின் பெயர் மாறியது.

முதல் ஆல்பமான 'பாப்லோ ஹனி' (1993) 'க்ரீப்' பாடலால் புகழ்பெற்றது. மெதுவாகத் தொடங்கி, கிட்டார் இரைச்சலில் வெடிப்பது அப்பாடலின் அமைப்பு. 'தி பெண்ட்ஸ்' (1995) ஆல்பத்தில் மூன்று கிட்டார்களின் பின்னல் செறிவடைந்தது. 'ஓகே கம்ப்யூட்டர்' (1997) தொழில்நுட்ப உலகின் தனிமையைப் பாடுபொருளாக்கியது.

பெரிய திருப்பம் 2000 அக்டோபரில் வந்த 'கிட் ஏ'. அதில் கிட்டார் பின்னுக்குப் போய், சிந்தசைசரும் எந்திரத் தாளமும் முன்னுக்கு வந்தன. பாடகர் தாம் யார்க்கின் குரலே சில இடங்களில் கருவியொலி போல உருமாற்றப்பட்டது. குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி கிரீன்வுட், 1928இல் பிரான்சில் அறிமுகமான 'ஓந்த் மார்த்தனோ' என்னும் மின்னிசைக் கருவியை வாசித்தார். இந்த ஆல்பத்தின் 'இடியோடெக்' பாடல், இசையமைப்பாளர் பால் லான்ஸ்கி 1970களில் கணினியில் உருவாக்கிய இசையின் ஒரு துணுக்கின்மேல் கட்டப்பட்டது.

பழைய ஒலியை எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றம், விமர்சகர்களும் இரண்டுபட்டனர். ஆயினும் தனிப்பாடல் எதுவும் வெளியிடப்படாமலே ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. 2007இல் வந்த 'இன் ரெயின்போஸ்' கிட்டாரையும் மின்னொலியையும் இணக்கமாகச் சேர்த்தது. பாடல்களைக் கேட்பவரே விலையைத் தீர்மானிக்கலாம் என்ற முறையில் அது முதலில் இணையத்தில் வெளியானது.