சாலைக்கும் பத்தியம்!

அமெரிக்காவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் வந்தேன் என்றதும், "நயாகரா பார்த்தியா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் பார்த்து அதிசயித்தது ஒரு சாலையை! அதுவும் அகலப்படுத்திய சாலை அல்ல. வண்டிகளுக்கான இடத்தை அரசாங்கமே குறைத்துவிட்ட சாலை.

அக்கா இருப்பது வர்ஜீனியா மாநிலத்தில் ரெஸ்டன் என்ற ஊர். தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கம். 1964-ல் ராபர்ட் ஈ. சைமன் என்பவர் திட்டமிட்டு உண்டாக்கியது. அவர் பெயரின் முதல் எழுத்துக்கள்தான் ஊர்ப் பெயரின் தொடக்கம். எங்கு பார்த்தாலும் மரங்கள், ஏரிகள், நடைபாதைகள். சில பெரிய சாலைகளுக்கு அடியில் சுரங்கப்பாதையும் உண்டு. குழந்தைகள் வண்டிகளுக்கு நடுவே போகாமலே மறுபக்கம் போய்விடலாம்.

நான் போனது 2024 கோடையில். மறுநாள் காலையிலேயே அக்கா மகள், "சித்தி, சைக்கிள்ல ஒரு சுத்து போயிட்டு வரலாமா?" என்றாள். எனக்குச் சொல்ல வேண்டுமா! 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது எங்கள் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்களே, அதில் எங்கள் அம்மாவும் ஒருத்தி. வாடகை சைக்கிளில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு கற்றாள். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அக்கா, "இங்கே வந்த புதுசில் நான் சைக்கிளைத் தொட்டதே இல்லைடி" என்றாள். காரணத்தையும் சொன்னாள்.

லாயர்ஸ் ரோடு என்று ஒரு சாலை. ரெஸ்டன் பார்க்வேயிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்துக்கு, போக இரண்டு, வர இரண்டு என்று நாலு வரிசையாக வண்டிகள் பறக்குமாம். நடுவே தடுப்பு கிடையாது. அங்கே வண்டிகள் வலப்பக்கமாகப் போகும். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வேகமாக வண்டி வரும் வரிசையிலேயே நின்று, எதிரே வழி விடும்வரை காத்திருக்க வேண்டும். 2008-ல் அக்கா அப்படித்தான் நின்றிருந்தாள். பின்னால் வந்த கார் மோதிவிட்டது. பின் இருக்கையில் கைக்குழந்தை! நல்லவேளை, அதற்கென்று உள்ள இருக்கையில் கட்டி வைத்திருந்ததால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்குத்தான் ஆறு மாதம் கழுத்து வலி.

மறு வருஷம், அந்தச் சாலைக்குப் புதிதாகத் தார் போட வேண்டிய முறை வந்தது. அந்தச் சமயத்தில் மாநிலப் போக்குவரத்துத் துறை ஒரு யோசனை சொன்னது. நாலு வரிசையை மூன்றாக்குவது. போக ஒன்று, வர ஒன்று, நடுவில் இடப்பக்கம் திரும்புகிறவர்கள் ஒதுங்கி நிற்க ஒன்று. மிச்ச இடத்தில் இரு ஓரமும் சைக்கிளுக்குத் தனி வழி. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ரோடு டயட்'. சாலைக்குப் பத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

"நானே எதிர்த்தேன். நாலு வரிசையிலேயே இந்தப் பாடு, குறைச்சா நகரவே முடியாதுன்னு நினைச்சேன்" என்றாள் அக்கா. அக்கம்பக்கத்திலும் பலருக்கு அதே பயம். ஆனால் துறை பின்வாங்கவில்லை. தார் போட்டபின் எப்படியும் கோடு போட்டே ஆக வேண்டும். அதை மாற்றிப் போட்டார்கள், அவ்வளவுதான். தனிச் செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை.

போட்டதோடு விட்டுவிடவுமில்லை. முன் ஐந்து வருஷம், பின் ஐந்து வருஷம் என்று கணக்குப் பார்த்தார்கள். விபத்துகள் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்திருந்தன! கருத்துக் கேட்டபோது, நாலில் மூன்று பங்குப் பேர் சாலை மேம்பட்டிருக்கிறது என்றார்கள். 2011-ல் அதே ஊரில் சோப்ஸ்டோன் டிரைவ் என்ற சாலைக்கும் இதே பத்தியம். அங்கும் விபத்து வெகுவாகக் குறைந்தது.

அந்த லாயர்ஸ் ரோட்டில்தான் நாங்கள் போனோம். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, முன்னே அக்கா மகள், நடுவே நான், பின்னே அக்கா. அன்று காரில் இருந்த கைக்குழந்தைதான் இன்று முன்னால் மிதித்துப் போகிறாள்! எனக்கு உதறல்தான். பக்கத்திலேயே கார்கள் 70 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. நடுவே இருப்பது வெறும் வெள்ளைக் கோடு. "சின்னப் பிள்ளைகளை இதில் விடமாட்டேன், அவங்களுக்கு நடைபாதைதான்" என்றாள் அக்கா. அதுவும் நியாயமே. ஆனாலும் கொஞ்ச தூரம் போனதும் பயம் தெளிந்தது.

அன்றிரவு அம்மாவிடம் போனில் எல்லாம் சொன்னேன். "ரோட்டுல நமக்கும் ஒரு பங்கு வச்சிருக்காங்கன்னு சொல்லு" என்றாள்.

சகோதரிகளே, நம் தெருவிலும் புதிதாகத் தார் போட வருவார்கள். 'நமக்கென்ன' என்று வாசல் கதவைச் சாத்திக்கொள்ளாமல், "பிள்ளைகள் நடக்க, சைக்கிளில் போக எங்கே இடம்?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். கோடு போடுவதற்கு முன்பே கேட்டால்தான் பலன் உண்டு.