ஐந்து மில்லிமீட்டர் கைப்பிடி

சரக்கு வேகனில் ஏறி இறங்கப் பக்கவாட்டில் பதித்திருக்கும் இரும்புக் கைப்பிடி நிஜத்தில் ஏறக்குறைய 18 அங்குல நீளம் இருக்கும். 87இல் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரி ரயிலில் அது 5 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். விலை மலிவான பிளாஸ்டிக் மாதிரிகளில் இந்தக் கைப்பிடி தனி உறுப்பாக வராது. வேகனின் சுவரோடு சேர்த்து வார்த்த ஒரு சிறு மேடாகப் புடைத்து நிற்கும். அதற்குப் பின்னால் விரல் நுழைய இடமே இருக்காது. அந்த மேட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய கம்பியை வளைத்து அதே இடத்தில் உண்மையான கைப்பிடியாகப் பொருத்துவதுதான் மாதிரி ரயில்களுக்கு நுண்பாகம் சேர்க்கும் கைவேலையின் அரிச்சுவடி.

இந்தக் கைவேலை மிக விரிவாக வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே பெரும்பாலோர் கையாளும் அளவு ஹெச்.ஓ. எனப்படுவது: 1:87.1 விகிதம், தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் 1934இல் ‘மாடல் ரெயில்ரோடர்’ இதழ் தொடங்கியது. அதே நகரில் 1935இல் என்.எம்.ஆர்.ஏ. என்னும் மாதிரி ரயில் ஆர்வலர் சங்கம் உருவானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏதர்ன் நிறுவனம் நீல நிற அட்டைப் பெட்டியில் போட்டு விற்ற பிளாஸ்டிக் உதிரித் தொகுப்புகளை ஒரே மாலையில் கோத்து ஓடவிட்டுவிடலாம். விலை கையைக் கடிக்காது. ஆனால் அச்சு வார்ப்பின் வசதிக்காக உருவத்தில் பல சமரசங்கள் இருந்தன. பழைய டீசல் இன்ஜின் மாதிரிகள் சிலவற்றில் உள்ளே மோட்டார் அடங்க வேண்டும் என்பதற்காக மேல்கூட்டையே அகலமாக்கியிருந்தார்கள். இந்தக் குறைகளைச் சரிசெய்யத்தான் தனிப் பாகங்களுக்குச் சந்தை பிறந்தது. கால்-ஸ்கேல், டீடெயில் அசோசியேட்ஸ், டிச்சி போன்ற சிறு நிறுவனங்கள் ஹாரன், மணி, ஏணி, பிரேக் சிலிண்டர் என்று உறைகளில் போட்டு விற்றன. ஓரிகன் மாநிலத்தில் கீத், டேல் எட்வர்ட்ஸ் சகோதரர்கள் தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளை வைத்துத் தொடங்கிய கேடீ நிறுவனம், தானே கோத்துக்கொண்டு காந்தத்தால் கழலும் கப்ளிங்கைக் கொடுத்தது. நிஜக் கப்ளிங்கின் வடிவத்துக்கு நெருங்கிய அந்த உறுப்பு இன்று அமெரிக்க ஹெச்.ஓ. ஆர்வலர்களிடையே எழுதப்படாத விதியாகிவிட்டது.

கைப்பிடி எதற்காக அங்கே இருக்கிறது என்று அறியாமல் அதைப் பொருத்துபவரால் அதைச் சரியான இடத்தில் பொருத்த முடியாது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ரயில்களில் வேகன்களை இணைக்க இரும்பு வளையமும் முளையும்தான் இருந்தன. இரண்டு வேகன்கள் நெருங்கி வரும்போது நடுவில் நின்று வளையத்தைக் கையால் பிடித்து வழிகாட்ட வேண்டும். விரல் போனவர்களும் உயிர் போனவர்களும் ஏராளம். பிரேக் போடுவதற்குத் தொழிலாளிகள் ஓடும் வண்டியின் கூரைமேல் நடந்து வேகன் வேகனாகச் சக்கரத்தைத் திருகினார்கள். பனியிலும் மழையிலும் அதே வேலைதான். அயோவாவைச் சேர்ந்த லொரென்சோ காஃபின் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலனாக 1893 மார்ச் 2ஆம் தேதி பாதுகாப்புச் சாதனச் சட்டத்தில் அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் கையெழுத்திட்டார். ஏர் பிரேக், தானியங்கிக் கப்ளிங் ஆகியவற்றோடு உறுதியான கைப்பிடிகளையும் அச்சட்டம் கட்டாயமாக்கியது. 1911இல் வந்த விதிகள் அளவுகளையும் வரையறுத்தன: கைப்பிடியின் கனம் குறைந்தது 5/8 அங்குலம்; சுவருக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி குறைந்தது 2 அங்குலம், முடிந்தால் இரண்டரை. கையுறை அணிந்த ஒரு கை அவசரத்தில் பற்றுவதற்கான இடம் அது. அந்த இரண்டரை அங்குலம் மாதிரியில் முக்கால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக வரும். இந்த வேலையைப் பொருட்படுத்திச் செய்பவர்கள் அந்த இடைவெளியை விட்டுக்கொடுப்பதில்லை.

வேலை நடக்கும் இடம் பெரும்பாலும் வீட்டின் நிலவறைதான். நீண்ட குளிர்காலம் இந்தக் கைவேலைக்குத் தோது. மேசைமேல் வளைகரத்தோடு கூடிய விளக்கு, தலையில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி, நுனி கூரான சாமணங்கள், உளி வடிவக் கத்திகள், விரல்களால் உருட்டித் துளையிடும் சிறு கைப்பிடித் துரப்பணம். அதில் மாட்டும் எண் 80 பிட்டின் விட்டம் 0.34 மில்லிமீட்டர், குண்டூசியைவிட மெல்லியது. மின்சாரத் துரப்பணம் இங்கே உதவாது. அதன் வேகத்தில் பிளாஸ்டிக் உருகிப் பிட்டைக் கவ்விக்கொள்ளும், பிட்டும் ஒடியும். கையால் உருட்டும்போது எதிர்ப்பு விரலில் தெரியும்.

முதலில் பழைய மேட்டைச் சீவுகிறார்கள். கத்தியின் தட்டையான பக்கத்தைச் சுவரோடு படியவைத்து, ஒரே மூச்சில் வெட்டாமல், இழை இழையாகச் சீவி எடுக்க வேண்டும். சுற்றியிருக்கும் ரிவெட் தலைகள் போய்விடக் கூடாது. போனால் பிசினால் செய்த நுண்ணிய ரிவெட் வரிசைகள் பதித்த ஒட்டுப்படலத்தை ஆர்ச்சர் நிறுவனத்திடம் வாங்கி ஒட்டிச் சரிசெய்யலாம் என்றாலும், அது இன்னொரு மாலை நேர வேலை. பிறகு இரு துளைகளின் மையத்தைக் கவராயத்தால் குறித்து, ஊசி முனையால் ஒரு குழி இட்டுத் துளையிடுவார்கள். அந்தக் குழி இல்லாவிட்டால் பிட் வழுக்கிப் பக்கத்தில் இறங்கும். பாஸ்பர் வெண்கலக் கம்பியை அளவுகோல் அச்சில் வைத்து வளைத்துத் துளைக்குள் நுழைத்த பின், கம்பிக்கும் சுவருக்கும் நடுவே சரியான கனமுள்ள பிளாஸ்டிக் பட்டையைச் செருகி, பட்டையைத் தொடும்வரை கம்பியை அழுத்துவார்கள். எல்லாக் கைப்பிடிகளும் ஒரே இடைவெளியில் நிற்பதற்கு இந்தப் பட்டைதான் காரணம். சூப்பர் குளூவை உள்பக்கத்திலிருந்து ஊசி முனையால் ஒரு துளி தொட்டுவைக்கிறார்கள். வெளிப்பக்கத்தில் வைத்தால் பசை படர்ந்து பெயின்ட்டுக்கு அடியில் வழவழப்பாகக் காட்டிக்கொடுக்கும்.

இந்த இடத்தில் அளவு குறித்த ஒரு சிக்கல் உண்டு. 1911 விதிகள் சொன்ன 5/8 அங்குலக் கம்பியைச் சரியாகச் சுருக்கினால் 0.18 மில்லிமீட்டர் வரும். கடையில் பரவலாகக் கிடைக்கும் கம்பியோ 0.32 மில்லிமீட்டர், நிஜ அளவில் அது ஓர் அங்குலத்துக்கும் அதிகம். மிக மெல்லிய கம்பியைப் பொருத்தினால் வேகனைக் கையில் எடுத்த முதல் தடவையே வளைந்துவிடும். ஓடவிடும் மாதிரிக்கு 0.25 மில்லிமீட்டர் நல்ல நடுவழி. கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கு இன்னும் மெலிதாகப் போகலாம்.

கம்பியில் வளைக்க முடியாத பாகங்கள் வார்ப்பாகவோ அரிப்பாகவோ வருகின்றன. ஹாரன், வால்வு, பம்பு போன்றவற்றுக்குப் பித்தளை மெழுகு வார்ப்பே சிறந்தது. மூலப் பாகத்தைச் சற்றுப் பெரிதாகச் செய்வார்கள், ஏனெனில் மெழுகும் உலோகமும் ஆறும்போது சுருங்கும். அதிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, அச்சுக்குள் மெழுகைச் செலுத்தி, வந்த சிறு மெழுகுப் பாகங்களை ஒரு நடுத்தண்டில் கிளை கிளையாக ஒட்டி, அதன்மேல் வெப்பம் தாங்கும் சாந்தை ஊற்றி, உலையில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் பித்தளையை நிரப்புவார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் செப்புத் திருமேனி வார்ப்பதும் இதே தத்துவத்தில்தான். அங்கே ஒவ்வொரு திருமேனிக்கும் மெழுகுருவம் கையால் வடிக்கப்படுகிறது, மேலே மண் பூசப்படுகிறது. இங்கே ரப்பர் அச்சு ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்பத் தருகிறது. கூரை நடைபலகையின் வலைப்பின்னல் போன்ற தட்டையான பாகங்களுக்கு மெல்லிய உலோகத் தகட்டில் ஒளியால் படம் பதித்து, பெரிக் குளோரைடு கரைசலில் அரிக்கவைப்பார்கள். மடிக்க வேண்டிய கோடுகளில் பாதி ஆழம் மட்டும் அரித்திருப்பதால் விரல் அழுத்தத்திலேயே நேராக மடியும். வெள்ளை உலோக வார்ப்பு மலிவு, ஆனால் பிசிறு அதிகம். அரத்தால் தேய்க்காமல் பயன்படுத்த முடியாது.

இனி எந்தப் பாகம், எந்த ஆண்டுக்கு? கைவேலையின் உயிர்நாடி இந்தக் கேள்வியில் இருக்கிறது. அழகான பாகங்களை அள்ளி ஒட்டிய பல மாதிரிகள் தோற்பதும் இங்கேதான். புல்மேன்-ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1947 முதல் கட்டிய பி.எஸ்.-1 என்னும் 40 அடி பெட்டி வேகனை எடுத்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் ஓடிய இந்த வேகன்கள் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோல் இருக்கும். வாங்கிய ரயில் கம்பெனியைப் பொறுத்துக் கதவின் வகை, அகலம், கூரை நடைபலகையின் வலை, கைபிரேக் சக்கரம் எல்லாம் மாறும். கைபிரேக்கில் மட்டும் ஏஜாக்ஸ், மைனர், எக்விப்கோ, யுனிவர்சல் என்று பல நிறுவனங்களின் தயாரிப்புகள் இருந்தன. சக்கரத்தின் ஆரக்கால் வடிவை வைத்தே எது எதுவென்று சொல்லிவிடலாம். கேடீ இவற்றைத் தனித்தனி உறைகளில் விற்கிறது. 1966க்குப் பிறகு கட்டிய பெட்டி வேகன்களில் கூரை நடைபலகை கிடையாது. பழையவற்றிலிருந்தும் அதைப் படிப்படியாகக் கழற்றினார்கள், உயர ஏணிகளையும் குட்டையாக்கினார்கள். ஆகவே 1955ஆம் ஆண்டு ரயிலில் நடைபலகை இல்லாத பி.எஸ்.-1 நிற்க இடமில்லை.

வேகனுக்கு அடியிலும் இதே கதைதான். பழைய கே பிரேக்கில் பெரும்பாலும் காற்றுத் தொட்டியும் சிலிண்டரும் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக இருக்கும். 1933 முதல் புதிய வேகன்களுக்குக் கட்டாயமான ஏ.பி. பிரேக்கில் தொட்டி, வால்வு, சிலிண்டர் மூன்றும் தனித்தனி, குழாய்களால் இணைந்தவை. ஒரு வேகனில் கே பிரேக் தொங்கினால் அந்த ரயிலை 1953க்குப் பிந்தையது என்று சொல்ல முடியாது, ஏனெனில் அந்த ஆண்டோடு அது கம்பெனிகளுக்கிடையே பரிமாறும் வண்டிகளிலிருந்து விலக்கப்பட்டது. 1967இல் ஏற்கப்பட்டு 1977இல் கைவிடப்பட்ட வண்ணப்பட்டை அடையாளத் தகடு வேகனின் பக்கத்தில் ஒட்டியிருந்தால் அதுவும் காலத்தைச் சொல்லும். டீசல் இன்ஜினின் முகப்பில் கீழ்ப்பக்கம் இரட்டை விளக்குகள் பொருத்தினால் அது பெரும்பாலும் 1990களுக்குப் பிந்தைய இன்ஜின். கூடுதல் விளக்குகளை 1997 டிசம்பர் 31க்குள் பொருத்த வேண்டும் என்று அமெரிக்க அரசு விதித்ததன் விளைவு அது.

இந்த விவரங்களுக்கு ஆதாரம் புகைப்படமும் வரைபடமும்தான். இல்லினாய் மாநிலத்தின் யூனியன் என்ற சிற்றூரில் உள்ள இல்லினாய் ரயில்வே அருங்காட்சியகத்தில் நிஜ வேகன்களையே சுற்றிவந்து பார்க்கலாம். புல்மேன் நிறுவனத்தின் வரைபடங்களையும் அதன் நூலகம் பாதுகாக்கிறது. அங்கே கைப்பிடியின் கனத்தையும் ஏணிப்படியின் இடைவெளியையும் அளந்து குறித்துக்கொண்டு போகும் ஆர்வலர்களுக்கு, அடுத்த சில மாதங்களுக்கு வேலை தயார். துருவின் நிறம், பெயின்ட் உரியும் விதம், சக்கரம் தெறித்த சேறு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது.

ஆர்.பி.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிஜவண்டி ஆர்வலர் கூட்டங்களில் இந்த மாதிரிகள் நீள மேசைகளில் வரிசையாக வைக்கப்படுகின்றன. பரிசு கிடையாது, மதிப்பெண் கிடையாது. பெயின்ட் அடிக்காத நிலையில் கொண்டுவருவதே பலருக்குப் பிடித்திருக்கிறது. சாம்பல் நிற பிளாஸ்டிக், வெள்ளைப் பட்டை, பித்தளைக் கம்பி என்று எது எங்கே சேர்ந்தது என்பது வெளிப்படையாகத் தெரியும். பேச்சு பெரும்பாலும் கேள்வியாக இருக்கும்: இந்த ஏணிக்கு எத்தனை படி, படம் எந்த ஆண்டு, கம்பி எங்கே வாங்கினீர்கள். என்.எம்.ஆர்.ஏ.யின் தகுதி மதிப்பீட்டில் எண்கள் உண்டு. மொத்தம் 125 புள்ளிகளில் கட்டுமானத்துக்கு 40, நிஜத்தோடு ஒத்துப்போவதற்கு 25, பெயின்ட்டுக்கும் எழுத்துக்கும் 25, நுண்பாகங்களுக்கு 20, மூலப்பொருளிலிருந்து தானே செய்ததற்கு 15. நுண்பாகத்தைவிட நிஜத்தோடு ஒத்துப்போவதற்கு அதிகப் புள்ளி வைத்திருப்பது மிகச் சரியான முடிவு.

இன்று கடையில் வாங்கும் விலையுயர்ந்த மாதிரிகளில் தனிக் கைப்பிடிகள் ஏற்கெனவே பொருத்தியே வருகின்றன. அவை இயந்திரத்தால் பொருத்தப்படுபவை அல்ல. 1950களில் ஜப்பானியப் பட்டறைகளிலும், கூலி உயர்ந்த பின் தென் கொரியாவிலும், பித்தளை இன்ஜின்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தவர்கள் கைவினைஞர்கள். பிளாஸ்டிக் மாதிரிகளின் உற்பத்தி பிறகு சீனாவுக்குப் போனது. பாக்மன் நிறுவனத்தை வாங்கிய ஹாங்காங்கின் கேடர் நிறுவனம் குவாங்டாங் மாகாணத்து டோங்குவானில் தொழிற்சாலை நடத்தியது. அங்கே நீண்ட மேசைகளின் இருபுறமும் உட்கார்ந்த தொழிலாளிகள் சாமணத்தால் ஒவ்வொரு பாகமாகப் பொருத்தினார்கள். அட்டைப் பெட்டியில் ரயில் கம்பெனியின் பெயரும் விற்பனை நிறுவனத்தின் பெயரும் அச்சாகும்; பொருத்தியவரின் பெயர் அச்சாவதில்லை. நிலவறையில் பொழுதுபோக்காக ஐந்து கைப்பிடி வைத்துக் கழுத்து வலித்தவருக்கு, ஒரு நாள் முழுக்க அதையே செய்யும் கைகளின் அருமை புரியும். விலை ஏறிவிட்டது என்று புலம்புவதற்கு முன் அந்த உழைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

சிறு பாகங்களைத் தயாரித்த பழைய நிறுவனங்கள் பலவும் ஒருவரோ இருவரோ நடத்தியவை. அவர்கள் ஓய்வுபெறும்போது அச்சுகள் கைமாறுகின்றன, சில காணாமல் போகின்றன. பெயின்ட்டிலும் அப்படித்தான், ரயில் கம்பெனிகளின் நிறங்களுக்குப் பெயர்பெற்ற ஃபுளோகுவில் தயாரிப்பு 2013இல் நின்றது. அந்த வெற்றிடத்தில் பிசின் முப்பரிமாண அச்சு நுழைந்திருக்கிறது. அபூர்வமான ஒரு பிரேக் சக்கரத்தை வீட்டிலேயே வரைந்து அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனால் அச்சிட்ட பிசின் எளிதில் உடையும். கைபடும் இடத்துக்கு ஆகாது.

புதிதாகத் தொடங்க நினைப்பவர் விலையுயர்ந்த இன்ஜினில் கைவைக்க வேண்டாம். சுவரோடு வார்த்த கைப்பிடிகளுள்ள பழைய வேகன் ஒன்று, அதே வகை நிஜ வேகனின் தேதியுள்ள புகைப்படம் ஒன்று, எண் 80 பிட் நான்கைந்து, 0.32 மில்லிமீட்டர் கம்பி ஒரு கட்டு, இவை போதும். முதலில் வேகனின் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு, புகைப்படத்தில் தெரியும் கைப்பிடிகளை எண்ணிவிட்டுத் துளையிடத் தொடங்குங்கள்.