பேர் தொலைச்ச பொட்டி!

ஒரு பழைய அக்கார்டியனை உங்க மடியில வெச்சு, 'இதை யார் செஞ்சதுனு கண்டுபிடிப்பா'ன்னு கேட்டா என்ன பண்ணுவீங்க? நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். துருத்தி தெரியும், வால்வ் தெரியும். அந்த தைரியத்துல 'சரி'ன்னு தலையாட்டிட்டேன். அப்புறம்தான் மாட்டினேன்!

இடம், இத்தாலியின் அங்கோனா. ரெண்டு மாச ப்ராஜெக்ட்டுக்காகப் போய், ஒரு சிஞ்ஞோரா வீட்டு மாடியில தங்கியிருந்தேன். எண்பதைத் தாண்டின பாட்டி. அவங்க அப்பா அக்கார்டியன் தொழிற்சாலையில வேலை பார்த்தவர். பரண்ல இருந்த பொட்டி அவர் தன் கையால செஞ்சதுனு பாட்டி நம்பிக்கை. பேரனோ 'பேரே இல்லாத பொட்டி, சந்தையில போட்டா எண்பது யூரோ கிடைக்கும்'னு ஒத்தக்கால்ல நிக்கிறான். சனிக்கிழமை வரைக்கும்தான் டைம்.

பொட்டியும் லேசுப்பட்டது இல்ல பாஸ். பெரிய அக்கார்டியன்னா இடது பக்கம் 20 வரிசையில ஆறு ஆறா 120 பட்டன் இருக்கும். இதுல ஏழு ஏழா 140! முன்பக்கம் முத்துச்சிப்பி மாதிரி மின்னுற செல்லுலாய்டு, வயசாகி டீக்கறை நிறத்துக்கு வந்திருந்தது. பேர் இருக்க வேண்டிய இடத்துல வெறும் ஊசித் துளைகள். சாய்வா டார்ச் அடிச்சுப் பார்த்தேன். எழுத்துகள் மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகாம வெளுத்துக் கிடந்தது. தாளை வெச்சு பென்சிலால தேய்ச்சதும்... ஒரு முழுப் பேரே கிடைச்சிடுச்சு! ஷெர்லக் ஹோம்ஸ் ரேஞ்சுக்குக் காலரைத் தூக்கிட்டேன்.

மறுநாளே பாட்டியும் நானும் பொட்டியோட காஸ்டெல்ஃபிடார்தோவுக்கு பஸ் ஏறினோம். அங்கோனாவுக்குத் தெற்கே இருபது கிலோமீட்டர் சொச்சம். மலை உச்சியில ஒட்டிக்கிட்டிருக்குற ஊர். கீழே திராட்சைத் தோட்டம், அந்தப் பக்கம் அட்ரியாடிக் கடல். 1860-ல் போப்பின் படையும் பியட்மான்ட் படையும் மோதின போர்க்களம்னு சரித்திரப் புத்தகம் சொல்லும். ஆனா, ஊர்ல யாரைக் கேட்டாலும் அதுக்கு மூணு வருஷம் கழிச்சு நடந்த கதையைத்தான் சொல்வாங்க. பக்கத்துல லொரேட்டோ மாதா கோயில். அங்கே வந்த ஆஸ்திரிய யாத்ரீகர் ஒருத்தர் ராத்தங்கின விவசாயி வீட்டுல ஒரு அக்கார்டியனை விட்டுட்டுப் போனாராம். அந்த வீட்டுப் பையன் பாவ்லோ சோப்ரானி அதைப் பிரிச்சு மேய்ஞ்சு, தானே ஒண்ணு செஞ்சு, அதே கோயிலுக்கு வர்ற கூட்டத்துக்கு வித்தாராம். யாத்ரீகர் விஷயம் எவ்வளவு நிஜமோ... பையன் தொழில் தொடங்கினது நிஜம். வியன்னாவுல சிரில் டெமியான் 1829-லயே 'அக்கார்டியன்'னு பேர் வெச்சு பேடன்ட் வாங்கிட்டார். ஆனா, ஊரே அதுக்கு வாழ்க்கைப்பட்டது இங்கேதான். ஊராட்சிக் கட்டடத்துலயே 1981-ல் ஒரு மியூசியம் திறந்திருக்காங்க. அவசியம் பாருங்க. நாங்க போனது அங்கே இல்ல, ஒரு சந்துல இருந்த ரிப்பேர் கடைக்கு.

கடைத் தாத்தாகிட்ட என் பென்சில் தாளைப் பெருமையா நீட்டினேன். ஒரு சிரிப்பு சிரிச்சார் பாருங்க! ''இது செஞ்சவன் பேர் இல்ல, ஆர்டர் கொடுத்த கடைக்காரன் பேர். அமெரிக்காவுல இருக்குற கடை, தன் பேரைப் போட்டு அனுப்பச் சொல்லும். ஆர்டர் நின்னுபோச்சுன்னா பேரைப் பிடுங்கிட்டு வேற ஆளுக்கு வித்துடுவாங்க.'' நம்ம ஊர் மிக்ஸி ஸ்டிக்கர் சமாச்சாரம்தான். என் காலர் தானா இறங்கிடுச்சு.

அப்புறம் குறடால துருத்தியோட ஆணிகளை ஒவ்வொண்ணா இழுத்து, பொட்டியை ரெண்டாப் பிளந்தார். அடடா! உள்ளே வரிசை வரிசையா மரக்கட்டை, அதுல தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து ஒட்டின உலோக நாக்குகள். ஹார்மோனியத்துக்குள்ள இருக்குமே, அதே குடும்பம். இழுக்கறப்ப ஒண்ணு, அமுக்கறப்ப ஒண்ணுனு ஒரே சுரத்துக்கு ரெண்டு நாக்கு வேணும். வலது பக்கம் 41 கட்டை, நாலு செட். கணக்குப் போட்டேன்: 328 நாக்கு! இடது பக்கம் தனி. தாத்தா ஒரு நாக்கோட ஓரத்தைக் காட்டினார். மெல்லிசா நீலக் கோடு. நீலம் பாய்ச்சின ஸ்பிரிங் ஸ்டீல் பட்டையில இருந்து கையால வெட்டின அடையாளமாம். துருத்திச் சட்டத்துலயும் மரக்கட்டையிலயும் ஒரே நம்பர் குத்தியிருந்தது. பாகம் மாறிப்போகாம இருக்க.

''ஜெர்மன்காரன் பொட்டியா இருந்தா எங்கேயாவது டி.ஆர்.ஜி.எம்.னு முத்திரை இருக்கும். அது இல்ல. இந்த ஊர்ச் சரக்குதான். ஆனா ஒருத்தர் செஞ்சதுனு சொல்ல முடியாது. நாக்கு ஒரு வீட்டுல, துருத்தி ஒரு வீட்டுல, பட்டன் இன்னொரு பட்டறையில...''

பாட்டி முகம் வாடிடுச்சு. எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

கடைசி மரக்கட்டையைத் திருப்பினார். பென்சில் எழுத்து! '1937', பக்கத்துல ரெண்டே எழுத்து இனிஷியல். பாட்டி கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. ''அப்பாவோடது இல்ல''ன்னாங்க.

எனக்கு என்ன சொல்றதுனு தெரியல. பாட்டி விரலை நீட்டி, ஒவ்வொரு நாக்கு மேலயும் ஒட்டியிருந்த நகத்தளவு தோல் துண்டைத் தொட்டாங்க. ''இது என்ன?'' காத்து தப்பான நாக்குக்குப் போகாம மூடுற தோல், வீட்டுல இருக்கற பொம்பளைங்க ஒட்டிக் கொடுப்பாங்கன்னு தாத்தா சொன்னதும், சிரிச்சுட்டாங்க. சின்ன வயசுல சாப்பாட்டு மேஜை பூரா இந்தத் துண்டுகள்தான் காயுமாம். பசை காய்ஞ்சாத்தான் ராத்திரி சாப்பாடாம். பசியில அம்மாகிட்ட அடம்பிடிச்சு அடி வாங்கினதை பஸ் ஸ்டாப் வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தாங்க.

இந்தப் பொட்டியில இருக்கறதும் அம்மா ஒட்டினதானு நானும் கேட்கல, அவங்களும் சொல்லல. பஸ்ல 'நான் வெச்சுக்கறேன்'னு எவ்வளவோ சொல்லியும் விடல. பத்து கிலோவுக்கு மேல இருக்கும், அங்கோனா வரைக்கும் மடியிலயே வெச்சிருந்தாங்க. சனிக்கிழமை பேரன் வந்து கேட்டப்ப, ''சாவி எங்கேயோ வெச்சுட்டேன்''ன்னாங்க. பரணுக்குப் பூட்டே கிடையாது!